நாற்பது கலாசாலைகளும் ஒரு பெண்ணும்

சித்திரை மாதத்து வெயில் ஜவ்வாது மலைச்சாரலை எவ்வளவு கடுமையாகச் சுட்டாலும், அதனினும் கடுமையான வேறொரு சூட்டை அந்த நாட்களில் ஆலங்காயத்து வீடுகளுக்குள்ளே காணலாம். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையின் முடிவு வெளியாகும் காலம் அது. முடிவு வந்த மறுநாளே திண்ணையில் விளம்பரத் தாள்கள் குவிந்துவிடும். கைபேசி ஓயாமல் மணியடிக்கும். சென்னை அழைக்கும், கோயமுத்தூர் அழைக்கும், எல்லைக்கு அப்பாலிருந்து பெங்களூரும் அழைக்கும். நேற்றுவரை யாரும் ஏறெடுத்துப் பாராத பிள்ளைக்கு இன்று எத்தனை உபசாரம்!

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கற்பனைக் குடும்பந்தான், ஆயினும் ஆலங்காயத்தில் எந்தத் தெருவில் விசாரித்தாலும் இதைப் போல் ஒன்று அகப்படும். தகப்பனார் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் இருக்கிறார். தாயாரும் அதே கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்க்கிறார். விடிவதற்குள் கம்பெனி பஸ்ஸில் ஏறினால், விளக்கு வைத்த பிறகுதான் இருவரும் வீடு திரும்புவார்கள். அவர்களுடைய மூத்த பெண் அரசினர் பள்ளியில் கணிதம், பௌதிகம், ரசாயனம், ஜீவசாஸ்திரம் படித்துத் தேறியிருக்கிறாள். அந்தக் குடும்பத்தில் கலாசாலைப் படியை மிதித்தவர் இதற்கு முன் ஒருவரும் இல்லை. அந்தப் பெண் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாற்பது கலாசாலைகளின் பெயர்களை எழுதி வைத்திருக்கிறாள்.

தகப்பனார் அதைப் புரட்டிப் பார்க்கிறார். "இத்தனையும் எதற்கம்மா? வாணியம்பாடியில் பெண்கள் கல்லூரி இருக்கிறது. காலையில் போனால் மாலையில் வந்துவிடலாம். அது போதாதா?" என்கிறார்.

பெண் பதில் சொல்லவில்லை. நோட்டை மூடி வைக்கிறாள்.

நாற்பதை ஒன்றாகக் குறைப்பதற்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. தகப்பனார் பொல்லாதவர் அல்லர். பெண்ணின்மீது உயிரையே வைத்திருப்பவர். அவர் குறிப்பிட்ட கல்லூரியும் குறைந்ததென்று சொல்வதற்கில்லை. ஒருகால் எல்லாவற்றையும் ஆராய்ந்த பிறகு அதுவே மிகப் பொருத்தமானதாக ஏற்படக் கூடும். ஆனால் ஆராயாமலே முப்பத்தொன்பது பெயர்களும் அழிந்தனவே, அவற்றை அழித்தது எது? அறிவா, அச்சமா? இந்தக் கேள்வியைக் கேட்பதற்காகவே இக்கட்டுரை.

பட்டியல் நீண்ட கதை

நீண்ட பட்டியலைக் கண்டு அலுத்துக்கொள்ளும் பெற்றோர், அது நீண்ட கதையையும் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

நூறு வருஷங்களுக்கு முன் ஆலங்காயத்துப் பிள்ளை ஒருவன் மேற்படிப்புப் படிக்க விரும்பினால், அருகில் அவனுக்கு இருந்த பெயர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். வேலூரில் 1898-இல் ஏற்பட்ட ஊரீசு கல்லூரி ஒன்று. வாணியம்பாடியில் முஸ்லிம் கல்விச் சங்கத்தார் 1919-இல் நிறுவிய இஸ்லாமியா கல்லூரி மற்றொன்று. இவற்றை விட்டால் சென்னைப்பட்டணத்துக்குத்தான் ரயிலேற வேண்டும். பெண்பிள்ளை என்றால் பட்டியல் இன்னும் குறுகும். வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-இல் பெண்களுக்கென்றே ஒரு வைத்தியப் பள்ளியைத் தொடங்கியபோது, அது தென்னாட்டுப் பெண்களுக்கு ஒரு புதிய வாசலாக இருந்தது. பிற்காலத்தில் உலகமறிந்த கலாசாலையாக வளர்ந்த அந்த ஸ்தாபனம், 1947 வரையில் ஆண்பிள்ளைகளை மாணாக்கராகச் சேர்க்கவே இல்லை.

நாடு விடுதலை பெற்ற பின்னர் வாசல்கள் பெருகின. திருப்பத்தூரில் 1951-இல் தூய நெஞ்சக் கல்லூரி வந்தது. காட்பாடியில் 1954-இல் பெண்களுக்காக ஆக்சீலியம் கல்லூரி வந்தது. ஆம்பூரில் மஜ்ஹருல் உலூம் கல்லூரியும், வேலூரில் முத்துரங்கம் அரசினர் கலைக் கல்லூரியும், பாகாயத்தில் தந்தை பெரியார் பெயரால் அரசினர் பொறியியல் கல்லூரியும் ஏற்பட்டன. 1984-இல் 180 மாணாக்கருடன் தொடங்கிய வேலூர் பொறியியல் கல்லூரி, பின்னர் வி.ஐ.டி. என்ற பெரிய நிகர்நிலைச் சர்வகலாசாலை ஆயிற்று. 2002-இல் வேலூருக்கென்று திருவள்ளுவர் சர்வகலாசாலையே பிறந்தது. தமிழ்நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், பொறியியல் கலாசாலைகள் மாத்திரம் நானூற்றுக்கு மேல்!

ஆகவே, அந்தப் பெண்ணின் நோட்டில் உள்ள நாற்பது பெயர்களும் சும்மா வந்தவை அல்ல. மூன்று நான்கு தலைமுறையினர் பொருள் கொடுத்தும், உழைத்தும், போராடியும் திறந்து வைத்த வாசல்கள் அவை. அவற்றைக் குறைக்கத்தான் வேண்டும். ஒரே சமயத்தில் நாற்பது வாசல்களுக்குள் யாரும் நுழைய முடியாது. ஆனால் குறைக்கும் முறை ஒன்று உண்டு.

காவலூர் கற்பிக்கும் பாடம்

அந்த முறையை அறிந்துகொள்ள ஆலங்காயத்தார் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஊருக்கு அருகே மலைமேல் இருக்கும் காவலூருக்குப் போனால் போதும்.

வான சாஸ்திரியான வைணு பாப்பு, 1960-ஆம் ஆண்டுகளில் தென்னாட்டில் ஒரு வானாராய்ச்சி நிலையத்துக்கு இடம் தேடினார். முதலில் அவர் கேட்டது, எந்த ஊர் பெரியது, எந்த ஊருக்குப் புகழ் அதிகம் என்பதல்ல. 'நாம் பார்க்க வேண்டியது என்ன?' என்பதுதான். தென் வானத்தையும் வட வானத்தையும் ஒருங்கே பார்க்க வேண்டுமானால் பூமத்திய ரேகைக்குக் கிட்டத்தில் இருக்க வேண்டும். நட்சத்திரங்கள் தெளிவாகத் தெரிய நகரத்து விளக்குகள் எட்டாத இடமாக இருக்க வேண்டும். இந்த இரண்டு தேவைகளையும் வைத்துப் பார்த்தால் பெரிய நகரங்கள் எல்லாம் தாமாகவே விலகிவிடுகின்றன. கடல் மட்டத்துக்கு 725 மீட்டர் உயரத்தில், மரங்களடர்ந்த காவலூர் நிற்கிறது.

1968-இல் சிறிய தூரதரிசினி ஒன்றுடன் அங்கே வேலை ஆரம்பமாயிற்று. 1986-இல் 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தூரதரிசினி திறக்கப்பட்டு, காலஞ்சென்ற வைணு பாப்புவின் பெயரையே பெற்றது. 1988-இல் காவலூரில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு சிறு கிரகத்துக்கு, கணித மேதை ராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டது. பெயர் பெற்ற இடத்தைத் தேடிப் போயிருந்தால் இவ்வளவும் நடந்திருக்குமா? பொருத்தமான இடம் பிறகு தானே பெயர் பெற்றது!

முதற் கேள்வி

ஆகவே கலாசாலையைப் பற்றிக் கேட்பதற்கு முன், படிப்பைப் பற்றிக் கேட்க வேண்டும். 'எங்கே சேரலாம்?' என்பது இரண்டாவது கேள்வி. 'எதைக் கற்கப் போகிறாய்?' என்பதே முதலாவது. அந்தக் கேள்வியைப் பெண்ணிடமே கேட்க வேண்டும். அத்தை, மாமன், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரிடமும் கேட்டுவிட்டுக் கடைசியில் அவளிடம் சொல்லக் கூடாது.

நமது பெண்ணுக்கு ரசாயனத்தில் பிரியம் என்று வைத்துக்கொள்வோம். அவள் வளர்ந்த பிரதேசமோ தோலும் ரசாயனமும் பின்னிக் கிடக்கும் பிரதேசம். வேலூர், வாணியம்பாடி, ஆம்பூர் வட்டாரத்துத் தோல் ஷாப்புகள் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கின்றன. அதே தோல் ஷாப்புகளின் கழிவுநீர் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்த வரலாறும் உண்டு. அவ்விஷயம் டில்லி வரையில் சென்று, 1996-இல் சுப்ரீம் கோர்ட்டு புகழ்பெற்ற தீர்ப்பு ஒன்றை அளித்தது. தொழிலும் பிழைக்க வேண்டும், ஆறும் பிழைக்க வேண்டும் என்றால், அதற்கு வழி காணப் படித்தவர்கள் வேண்டும். அவர்கள் இந்த மண்ணிலிருந்தே வந்தால் எவ்வளவு சிறப்பு!

சென்னையில் அண்ணா சர்வகலாசாலையைச் சேர்ந்த அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் தோல் தொழில்நுட்பத்தில் பட்டப் படிப்பு இருக்கிறது. 1948-இல் அடையாற்றில் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அந்தப் படிப்புடன் நெருங்கிய தொடர்புள்ளது. தாயும் தந்தையும் தோலை வெட்டித் தைத்த வீட்டிலிருந்து, அந்தத் தோலின் சாஸ்திரத்தைக் கற்க ஒரு பெண் போவதற்கு என்ன தடை? ஆனால் அவளுடைய நோட்டில் இந்தப் பெயர் இராது. ஏனெனில் விளம்பரத் தாளில் அது வருவதில்லை. பட்டியலைக் குறைக்க உட்காரும்போதே, அதில் விட்டுப்போன பெயர்களைச் சேர்க்கவும் வேண்டும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

இதனால் எல்லாப் பிள்ளைகளும் தோல் சாஸ்திரந்தான் படிக்க வேண்டும் என்பதில்லை. வரலாற்றில் ஆசையுள்ள பிள்ளைக்கு வரலாறு. கணக்கில் ஆசையுள்ளதற்குக் கணக்கு. பாடம் நிச்சயமானதும், அந்தப் பாடம் இல்லாத கலாசாலைகள் தாமே விழுந்துவிடும். நாற்பது இருபதாகிவிடும்; மனஸ்தாபம் எதுவும் இராது.

விளம்பரமும் விசாரணையும்

மிஞ்சிய இருபதை இனி விசாரணைக்கு உட்படுத்த வேண்டும். மாடு வாங்கப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் வாங்குவதில்லை. மூன்று நான்கு வருஷ வாழ்வை ஒப்படைக்கும் இடத்தில் மட்டும் வாசல் வளைவைப் பார்த்து மயங்கலாமா?

கேட்க வேண்டியவை சிலவே. அந்தக் கலாசாலை எந்தச் சர்வகலாசாலையில் இணைந்தது? நாம் விரும்பும் பாடத்துக்கு இவ்வருஷம் அனுமதி உண்டா? கலாசாலைக்கு அனுமதி இருப்பதும் பாடத்துக்கு அனுமதி இருப்பதும் ஒன்றல்ல. சேர்ந்த மாணாக்கரில் எத்தனை பேர் தேறினார்கள்? 'நூற்றுக்கு நூறு வேலை' என்று அச்சிட்டிருந்தால், எத்தனை பேருக்கு, எந்தக் கம்பெனியில், என்ன சம்பளத்தில் என்று கேட்க வேண்டும். இவற்றுக்குத் தெளிவான விடை தருபவர்களை ஒரு பக்கமும், வேறு பேச்சுப் பேசுகிறவர்களை மறு பக்கமும் எழுதிக்கொள்ளுங்கள். பட்டியல் மேலும் குறையும்.

மிக நல்ல சாட்சி, அங்கே இப்போது படிக்கும் நம்மூர்ப் பிள்ளைதான். 'ஆசிரியர் நாள்தோறும் வகுப்புக்கு வருகிறாரா? சோதனைச் சாலையில் நீயே கையால் செய்து பார்க்கிறாயா, தூர நின்று பார்க்கிறாயா?' இந்த இரண்டு கேள்விகளும் ஒரு கட்டு விளம்பரத்துக்குச் சமம்.

வீடு தேடி வரும் தரகர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 'இன்றே முன்பணம் கட்டினால்தான் இடம், அசல் சர்டிபிகேட்டுகளைக் கொடுத்துவிடுங்கள்' என்று அவசரப்படுத்துகிறவரிடம் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள், சர்டிபிகேட்டைக் கொடுக்காதீர்கள். கலாசாலைகள் அசல் சான்றுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று சர்வகலாசாலை மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது. பார்த்துச் சரிபார்த்துத் திருப்பித் தருவதே முறை.

இரு வகைப் பட்டியல்

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. பலர் இதைத் தெரிந்துகொள்ளாமல் நஷ்டப்படுகிறார்கள்.

கலைப் பிரிவுகளுக்குத் தனியார் கலாசாலை ஒவ்வொன்றிலும் தனித்தனியே விண்ணப்பமும் பணமும் கேட்டால், பட்டியலைக் குறைப்பது விவேகம். ஆனால் பொறியியல் கலந்தாய்வு வேறு மாதிரி. 1997-இல் ஒற்றைச் சாளர முறை வந்தபோது, பிள்ளையும் தகப்பனாரும் சென்னைக்குப் போய், திரையில் மறையும் இடங்களைப் பார்த்தவாறே சில நிமிஷங்களில் தீர்மானிக்க வேண்டியிருந்தது. 2018 முதல் இணையத்தின் வழியாக வீட்டிலிருந்தே, கலாசாலையையும் பாடத்தையும் சேர்த்து, விருப்ப வரிசையில் எழுதிக் கொடுக்கும் முறை ஏற்பட்டது.

தரவரிசைக்குரிய கணக்கு எளிது. கணிதத்துக்கு 100, பௌதிகத்துக்கு 50, ரசாயனத்துக்கு 50, ஆக 200. நம் பெண் கணிதத்தில் 78, பௌதிகத்தில் 70, ரசாயனத்தில் 74 வாங்கியிருந்தால் 78, 35, 37 என்று கூட்டி 150 ஆகும். அவளுடைய முறை வரும்போது, அவள் எழுதிய வரிசையை மேலிருந்து கீழாகப் பார்த்து, இடமிருக்கும் முதல் விருப்பத்தை ஒதுக்குவார்கள்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் ஏற்படுகின்றன. ஒன்று: கிடைக்காதென்று அஞ்சி, ஆசைப்பட்டதைக் கீழே எழுதக் கூடாது. மேலே எழுதிய இடம் கிடைக்காவிட்டால், கீழே எழுதிய இடத்துக்குள்ள உரிமை சிறிதும் குறைவதில்லை. கைக்கு எட்டுவதை மேலே எழுதி ஆசையைக் கீழே எழுதினாலோ, ஆசைப்பட்ட இடம் காலியாக இருந்தும் கிடைக்காது. இரண்டு: இந்தப் பட்டியலை மிகக் குட்டையாக்கக் கூடாது. எழுதிய இடமெல்லாம் முன்னவர்களுக்குப் போய்விட்டால் வெறுங்கையாக நிற்க நேரும். முந்தைய வருஷங்களில் எந்த வகுப்பினருக்கு எந்த மதிப்பெண்ணோடு இடம் நின்றது என்ற விவரம் வெளியிடப்படுகிறது. அதைக் கொண்டு எட்டாதது போலிருப்பவை சில, எட்டக் கூடியவை பல, நிச்சயமானவை சில என்று மூன்று அடுக்காக எழுதுவது நல்லது. ஆனால் கிடைத்தாலும் போக விரும்பாத இடத்தை எந்த அடுக்கிலும் எழுத வேண்டாம். அதுவே கிடைத்துவிடக் கூடும்!

பணமும் பாதையும்

கடைசியாக வருவது பணம். பலர் இதிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். அதனால்தான் கிடைக்கக் கூடிய உதவிகள்கூட அவர்கள் கண்ணில் படுவதில்லை.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசினர் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவிகித ஒதுக்கீடு 2021-இல் சட்டமாயிற்று. அந்த ஒதுக்கீட்டில் சேருகிறவர்களின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசாங்கமே ஏற்பதாக அப்போது அறிவிக்கப்பட்டது. குடும்பத்தில் முதற் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான சான்றைத் தாலூகா ஆபீஸில் முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். அரசினர் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-இலும், பையன்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024-இலும் தொடங்கின. சென்னைக் கலாசாலை எட்டாதது என்று தகப்பனார் எண்ணியிருந்த கணக்கு, இவற்றைச் சேர்த்துப் போட்டால் மாறிவிடலாம்.

தூரத்தின் கணக்கும் அப்படித்தான். ஆலங்காயத்தில் ரயில் நிலையம் கிடையாது. எங்கே போவதானாலும் முதலில் பஸ் ஏற வேண்டும். வேலூருக்குத் தினமும் போய்வருவதற்குப் போக இரண்டு மணி, வர இரண்டு மணி என்று வைத்துக்கொண்டால், வருஷத்தில் 180 கலாசாலை நாட்களுக்கு 720 மணி நேரம் ஆகிறது. அதாவது இரவு பகல் சேர்ந்த முப்பது முழு நாட்கள்! 'வீட்டிலிருந்தே படிக்கலாம்' என்று சொல்லும்போது, அந்த ஒரு மாதத்தைப் படிப்பிலிருந்தும் உறக்கத்திலிருந்தும் கழிக்கிறோம் என்று தெரிந்து சொல்ல வேண்டும். நல்ல விடுதியுள்ள தூரத்துக் கலாசாலை சில சமயம் பக்கத்திலிருப்பதைவிடப் பக்கமாகிவிடுகிறது.

பென்சில் யார் கையில்?

நமது குடும்பத்துக்குத் திரும்புவோம். ஞாயிற்றுக்கிழமை, கம்பெனிக்கு விடுமுறை. மூவரும் நோட்டுடன் உட்காருகிறார்கள். முதலில் பாடம், பிறகு விசாரணை, பிறகு பணம், பாதை என்று வரிசையாகப் பார்க்கிறார்கள். நாற்பது பெயர்களில் முப்பத்திரண்டு போகின்றன. முன்பு இல்லாத ஒன்று புதிதாய்ச் சேருகிறது. ஆக ஒன்பது. வாணியம்பாடிக் கல்லூரி அதில் இருக்கிறது, சென்னையும் இருக்கிறது.

"சென்னை விடுதியை நான் நேரில் போய்ப் பார்க்காமல் அனுப்ப மாட்டேன்" என்கிறார் தகப்பனார். நியாயமான நிபந்தனை. அச்சம் தப்பல்ல, விசாரியாத அச்சந்தான் தப்பு. அறைக்கு எத்தனை பேர், தண்ணீர் எப்படி, இரவில் பொறுப்பாளர் தங்குகிறாரா என்று நேரில் பார்த்துத் தெரிந்துகொண்டால், அச்சம் ஒன்று அடங்கும், அல்லது காரணத்தோடு நிற்கும். இரண்டும் நல்லதே.

தாயார் இத்தனை நேரமும் பேசவில்லை. தையல் யந்திரத்தில் அடுத்தவர் வரைந்த கோட்டின்மேலேயே இத்தனை வருஷமும் தைத்துப் பழகிய கை அவருடையது. இப்போது அவர் கணவரின் கையிலிருந்த பென்சிலை எடுத்துப் பெண்ணிடம் கொடுக்கிறார்.

"நாங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்வோம். அடிப்பதை நீயே அடி, கண்ணு" என்கிறார்.

ஒன்பதில் எது கிடைக்கும் என்பது மதிப்பெண்ணையும் தரவரிசையையும் பொறுத்தது. அது வாணியம்பாடியாகவே இருக்கலாம். அப்படியானாலும், முதல்நாள் ஒரு வார்த்தையில் முடிந்துபோன வாணியம்பாடிக்கும், இப்போது அவளே தெரிந்தெடுத்த வாணியம்பாடிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு.